விலை குறைந்த கிரைண்டரில் நல்ல காபி: ரங்கூன் சமையலறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

மிக்ஸியில் அரைத்த காபித் தூளில் ஒரு ஸ்பூன் எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அரிசிக் குருணை அளவில் சில துண்டுகள் கிடக்கும். நடுவே ரவை போலக் கொஞ்சம். தட்டை லேசாகச் சாய்த்துத் தட்டினால் அடியில் மாவு தங்கும். தொட்டால் விரல் ரேகைக்குள் ஏறிக்கொள்ளும். இந்த மூன்றும்தான் ஒரே கப்புக்குள் போகின்றன. வெந்நீர் பட்டதும் மாவு நல்லதை எல்லாம் உடனே கொடுத்துவிட்டு, பிறகு கசப்பை விடத் தொடங்கும். குருணைக்குள் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் நாம் வடிகட்டி முடித்திருப்போம். ஒரே வாயில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வருவது இதனால்தான்.

பழைய அரிசியையும் புது அரிசியையும் கலந்து உலையில் போட்டால் என்ன ஆகும்? புது அரிசி குழைந்துவிடும், பழையது விதை விதையாக நிற்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அந்தச் சோறு சரியாக வராது. காபியும் அப்படித்தான். 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எர்னஸ்ட் லாக்கார்ட் என்ற விஞ்ஞானி இதை எண்களில் வகுத்துக் காட்டினார். தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் தண்ணீரில் கரைந்து வந்தால் சுவை சரியாக இருக்கும் என்பது அந்தக் கணக்கு. இப்படிப் பல அளவு கலந்த தூளில் மாவு 22ஐத் தாண்டிவிடும், குருணை 18ஐ எட்டாது. இரண்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 20 கூட வரலாம். கணக்கு சரியாக இருக்கும், காபி நன்றாக இருக்காது.

விலை உயர்ந்த கிரைண்டர் செய்யும் பெரிய வேலை, துகள்களை ஏறக்குறைய ஒரே பதத்தில் தருவது. விலை குறைந்தது அதை முழுதாகச் செய்யாது. ஆனால் அரைக்கும் விதம், சலிப்பது, போடும் முறை எல்லாம் நம் கையில்தான் இருக்கின்றன. ஏழெட்டு வருடமாக ஒரு மிக்ஸியையும் ஒரு சாதாரணக் கைக் கிரைண்டரையும் வைத்துக்கொண்டு நான் கற்றது அதுதான்.

பர்மாவில் இதைப் பற்றி எழுத எனக்குத் தனி ஆசை உண்டு. நாம் தேநீர்க் கடைகளின் ஊரில் இருக்கிறோம். வீட்டில் காபி என்றால் பெரும்பாலும் காபி மிக்ஸ் பொட்டலம்தான். ஆனால் நல்ல கொட்டை விளையும் நாடு இது. மேமியோவில், அதாவது பியின் ஊ லுவினில், அரபிகா வகைக் காபி விளைகிறது. தென் ஷான் பகுதியின் யுவாங்கானில் தனு மக்கள் சிறு தோட்டங்களில் பயிரிட்டு, பழத்தோடு வெயிலில் காயவைக்கும் கொட்டைக்கு ஒரு பழ வாசனை உண்டு. அதை வாங்கி வந்து ஒரு நிமிடம் மிக்ஸியில் ஓட விட்டுக் கெடுத்தால் மனம் தாங்காது. நான் கெடுத்திருக்கிறேன். ஜாரைத் திறந்தபோது தூள் கை சுடும் சூட்டில் இருந்தது. போட்டுக் கொடுத்த காபியை அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது, கஷாயமா?" என்றார்.

முதலில் கொட்டை

கிரைண்டர் எப்படி இருந்தாலும் பழைய கொட்டையிலிருந்து நல்ல காபி வராது. பொட்டலத்தில் வறுத்த தேதி இருந்தால் பாருங்கள். வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் இருப்பதை வாங்குங்கள். வறுப்பு நடுத்தரமாக இருக்கட்டும். மிக இளம் வறுப்பாக இருந்தால் கொட்டை கல் போல இருக்கும். விலை குறைந்த கிரைண்டர் திணறும், கையும் வலிக்கும், தூளும் தாறுமாறாக வரும். கருக வறுத்தது எளிதில் உடையும், ஆனால் மாவு அதிகம் விழும், எண்ணெய் பற்களில் ஒட்டும். வெண்ணெயோ சர்க்கரையோ சேர்த்து வறுத்த கொட்டையைக் கைக் கிரைண்டரில் போடவே வேண்டாம், பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் ரங்கூன் ஈரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பளம் நமுத்துப்போவது போலக் கொட்டையும் நமுக்கும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துக்கொண்டு, மீதியைச் சிறு சிறு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போடுங்கள். ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டினால் இன்னும் நல்லது. எடுத்ததும் குளிர் மாறாமல் அரைக்கலாம். 2016இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, குளிர்ந்த கொட்டையை அரைத்தால் துகள்கள் சிறிதாகவும் கூடுதல் சீராகவும் உடைகின்றன என்று காட்டியது. ஒரே ஒரு எச்சரிக்கை: குளிர்ந்த பெரிய பொட்டலத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கொட்டை மேல் வியர்த்துவிடும்.

அளவு: ஒரு டிக்கல்

அளக்காமல் போட்டால் எதைத் திருத்துவது என்றே தெரியாது. இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பர்மாச் சந்தையில் எடை போடும் விஸ், நம் வீசைதான்; பெயரும் தமிழிலிருந்து வந்ததுதான். நூறு டிக்கல் சேர்ந்தது ஒரு வீசை, ஏறக்குறைய 1.63 கிலோ. அப்படியானால் ஒரு டிக்கல் 16.3 கிராம். ஒரு பெரிய கப் காபிக்கு வேண்டிய அளவு கச்சிதமாக அதுவே! அதற்கு 250 மில்லி தண்ணீர். ஒன்றுக்குப் பதினைந்து என்ற விகிதம் இதில் தானாக வந்துவிடுகிறது. கிராம் தராசு இருந்தால் 16 கிராம் என்று வையுங்கள். தராசே இல்லையென்றால் பெரிய மேசைக்கரண்டியில் தலைதட்டி மூன்று கரண்டிக் கொட்டை. தண்ணீரைக் கொதிக்க வைக்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். அரிசி அளக்கும் பால் டின்னில் முக்கால் டின்னுக்குச் சற்று மேலே.

மிக்ஸியில் அரைப்பது

மிக்ஸி பிளேடு அரைப்பதில்லை, வெட்டுகிறது. எந்தக் கொட்டை எத்தனை வெட்டு வாங்கும் என்பது அதிர்ஷ்டம். அதை முடிந்தவரை சமப்படுத்துவதுதான் நம் வேலை.

சட்னி ஜாரை எடுத்துக்கொள்ளுங்கள். காபிக்கென்று தனி ஜார் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் முதலில் ஒரு கைப்பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டிக் கொட்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றித் துடையுங்கள், மசாலா வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பிளேடு மூடும் அளவுக்கு மட்டும் கொட்டை போடுங்கள். சலிக்கும்போது கொஞ்சம் கழியும் என்பதால் ஒரு டிக்கலுக்கு மேல் பத்துப் பன்னிரண்டு கொட்டை கூடுதலாக இருக்கட்டும். அப்புறம் பல்ஸ் பக்கமாகத் திருப்பி இரண்டு நொடி ஓட்டுங்கள், விடுங்கள். ஜாரை மிக்ஸியிலிருந்து எடுத்து, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைகீழாக ஒரு தரம் குலுக்கி மறுபடி வையுங்கள். பெரிய துண்டுகள் பிளேடுக்குக் கீழே வரும், மாவு மேலே ஏறும். இப்படி ஏழெட்டு தடவை. மொத்தம் பதினைந்து நொடிக்கு மேல் மோட்டார் ஓட வேண்டியதில்லை. ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

காதும் உதவும். முதல் இரண்டு தடவை கல் உடைவது போலக் கடகடவென்று கேட்கும். பிறகு மணல் உரசுவது போல மாறும். அந்தச் சத்தம் வந்ததும் திறந்து பார்க்க வேண்டிய நேரம்.

இனி சலிப்பது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியத்தைச் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். தேயிலை வடிகட்டியும் மைதா சலிக்கும் மெல்லிய சல்லடையும் போதும். முதலில் எல்லாத் தூளையும் தேயிலை வடிகட்டியில் போட்டுத் தட்டுங்கள். மேலே நின்ற குருணையை ஜாரில் திரும்பப் போட்டு இரண்டு பல்ஸ் கொடுத்து மறுபடி சலியுங்கள். விழுந்த தூளை மைதா சல்லடையில் போட்டு, பத்து நொடி மட்டும், லேசாகத் தட்டுங்கள். கீழே விழுவது மாவு. மேலே நிற்பதுதான் நீங்கள் காபி போட வேண்டியது. நேரம் போவது தெரியாமல் சலித்துக்கொண்டே இருந்தால் நல்ல தூளும் போய்விடும், ஆகவே பத்து நொடியில் நிறுத்திவிடுங்கள்.

கழிந்த மாவைக் கொட்டிவிடாதீர்கள். ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் ஒரு வேளைக்கு ஆகும். பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு, தெளியவைத்து, கண்டென்ஸ்டு மில்க் சேர்த்தால் அந்தக் கசப்பை இனிப்பு தாங்கிக்கொள்ளும்.

கைக் கிரைண்டரில் அரைப்பது

வாங்கும் எண்ணம் இருந்தால் நான் கைக் கிரைண்டரைத்தான் சொல்வேன். அதே விலைக்கு வரும் மின்சாரக் கிரைண்டரில் பாதிக் காசு மோட்டாருக்குப் போய்விடுகிறது. கைக் கிரைண்டரில் அது பற்களுக்குப் போகிறது. மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் கையால் சுற்றுவது இன்னொரு நிம்மதி.

இதன் உள்ளமைப்பு நம் திருகைதான். வெளியே அசையாமல் ஒரு வளையம், உள்ளே சுற்றும் ஒரு கூம்பு, இரண்டிலும் பல். காபிக்காரர்கள் இதை பர் என்பார்கள். இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் தூளின் பதம். விலை குறைந்தவற்றில் பீங்கான் பல் இருக்கும், சற்றுக் கூடுதல் விலையில் எஃகுப் பல். எஃகு வெட்டும், பீங்கான் நசுக்கும் என்பது என் அனுபவம். கையில் காசு இருந்தால் எஃகையே பாருங்கள்.

முதல் வேலை பூஜ்ஜியத்தைக் கண்டுபிடிப்பது. கிரைண்டர் காலியாக இருக்கும்போது, அடியிலோ மேலேயோ இருக்கும் திருகை மெதுவாக இறுக்குங்கள். கைப்பிடி தானாகச் சுற்றாமல் நிற்கும் இடம் பூஜ்ஜியம். அதற்கு மேல் இறுக்காதீர்கள், பீங்கான் விளிம்பு சில்லாகப் பெயரும். அங்கிருந்து தளர்த்தும்போது டிக் டிக்கென்று வரும் கிளிக்குகளை எண்ணுங்கள். ஒவ்வொரு கிரைண்டரிலும் ஒரு கிளிக்கின் தூரம் வேறு. அதனால் இன்னொருவர் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது, பதத்தைக் கண்ணால் பார்த்து உங்கள் எண்ணை நீங்களே பிடிக்க வேண்டும். ஐந்து கிராம் அரைத்து வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். டிகாஷன் ஃபில்டருக்கு நைஸ் ரவை. காகித வடிகட்டிக்கு உப்புமா ரவை, அல்லது சர்க்கரை. பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு, அதாவது தூளை ஊறவிட்டு வலையை இறக்கி வடிக்கும் குடுவைக்கு, அதைவிடக் கொஞ்சம் பெரிது. ஊறவைக்கும் குளிர்காபிக்கு உடைத்த கல் உப்பு.

இப்போது இந்தக் கிரைண்டர்களின் முக்கியமான பலவீனம். கூம்பு தாங்கும் அச்சு மேலே மட்டும் பிடிக்கப்பட்டிருந்தால், இடைவெளியைப் பெரிதாக்கும்போது கூம்பு ஆடும். உள்ளே விரலை விட்டு அசைத்துப் பாருங்கள், தெரியும். ஆடினால் ஒரு பக்கம் இடைவெளி பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் ஆகி, குருணையும் மாவும் சேர்ந்தே விழும். பெரிய பதத்தில்தான் இது மோசம். இடைவெளி குறையக் குறைய ஆட்டமும் குறையும். ஆகவே ஆடும் கிரைண்டரில் பெரிய பதத்தைக் கேட்காதீர்கள். ரவை பதத்துக்குள் நின்று, அதற்குப் பொருந்தும் முறையில் காபி போடுங்கள். வெளி வளையமே உடலுக்குள் தளர்வாக உட்கார்ந்திருந்தால், அதன் வெளிப்புறத்தில், காபி படாத இடத்தில், குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றி அழுத்தி வைக்கலாம். என்னுடையதில் அது நன்றாக உதவியது.

அரைக்கும்போது அவசரம் வேண்டாம். கிரைண்டரைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, ஒரே வேகத்தில் சுற்றுங்கள். சாய்த்துப் பிடித்தால் கொட்டைகள் ஒன்றை ஒன்று நெரிக்காமல் சிலசிலவாகப் பற்களுக்குள் போகும், மாவு குறையும். நேராகப் பிடித்து ஒருமுறை, சாய்த்து ஒருமுறை அரைத்து இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காற்று காய்ந்திருக்கும் மாதங்களில், தூள் டப்பாவின் சுவரெங்கும் ஒட்டிக்கொண்டு பறக்கும். நிலை மின்சாரம்தான் காரணம். ஸ்பூன் காம்பைத் தண்ணீரில் நனைத்து உதறி, அந்த ஈரத்தோடு கொட்டையை ஒரு கிளறு கிளறிவிட்டு அரையுங்கள். ஒரு துளி போதும். ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மற்றவர்களும் 2023இல் இதை அளந்து பார்த்து, ஈரம் அந்த மின்னூட்டத்தைக் குறைக்கிறது என்று வெளியிட்டார்கள். மழைக்காலத்தில் இது தேவைப்படாது.

எந்த முறையில் போடுவது

சலித்த பிறகும் கொஞ்சம் மாவு இருக்கத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

நம் டிகாஷன் ஃபில்டர் பொறுமைசாலி. 20 கிராம் தூளைப் போட்டு, குடையை அழுத்தாமல் மேலே வைத்து, 120 மில்லி வெந்நீர் ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கினால் பதம் சரி. ஐந்து நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் பெரிய பதம். அரை மணி ஆகியும் சொட்டவில்லை என்றால் மாவு துளைகளை அடைத்துவிட்டது. மேலே தட்டாதீர்கள், குடையையும் அழுத்தாதீர்கள், அடுத்த தடவை நன்றாகச் சலியுங்கள்.

காகித வடிகட்டியில் தெளிவான காபி வரும், யுவாங்கான் கொட்டையின் பழ வாசனை தெரிய வேண்டுமானால் இதுதான். முதலில் 40 மில்லி ஊற்றித் தூள் முழுதும் நனைந்து உப்பும் வரை அரை நிமிடம் விடுங்கள். பிறகு மீதியை இரண்டு தடவையாக, மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். ஸ்பூனால் கிளற வேண்டாம், மாவு காகிதத்தில் போய் அப்பிக்கொள்ளும். மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடிய வேண்டும்.

பிரெஞ்ச் பிரஸ்ஸில் நான்கு நிமிடம் ஊறவிட்டு, மேல் நுரையை ஸ்பூனால் எடுத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். மாவு அடியில் படியும். வலையை மேல்மட்டம் வரை மட்டும் இறக்கி, அடி கலங்காமல் ஊற்றுங்கள். அழுத்தினால் படிந்தது எல்லாம் எழும்பும். பர்மியப் புத்தாண்டான தின்ஜான் வெயிலுக்கு இன்னொன்று: 60 கிராம் தூளை அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஃப்ரிட்ஜில் பன்னிரண்டு மணி நேரம் வைத்து, மல் துணியில் வடிகட்டுங்கள். குளிர்ந்த நீரில் கசப்பு மெதுவாகத்தான் இறங்கும், அதனால் மிக்ஸித் தூளுக்கு இது நன்றாகவே பொருந்தும்.

தண்ணீரைப் பற்றி இரண்டு வார்த்தை. ரங்கூனில் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு ஊற்றுங்கள். மேமியோ ஆயிரம் மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், இறக்கியதும் ஊற்றலாம். சுத்திகரித்த 20 லிட்டர் பாட்டில் நீரில் உப்புச் சத்து மிகவும் குறைந்திருந்தால் காபி சப்பென்று இருக்கும். பதத்தை எவ்வளவு மாற்றியும் உயிர் வரவில்லை என்றால் வேறு நிறுவனத்தின் நீரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நாக்கைக் கேட்டுத் திருத்துவது

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புளிப்பு, நாக்கின் ஓரம் சுருங்குவது போல: தூள் பெரிது, இரண்டு கிளிக் இறுக்குங்கள். குடித்த பிறகு வாய் வறண்டு கசப்பு நிற்கிறது: இரண்டு கிளிக் தளர்த்துங்கள். வெறும் தண்ணியாக இருக்கிறது, ஆனால் கெட்ட சுவை இல்லை: பதத்தைத் தொடாதீர்கள், தூளைக் கூட்டுங்கள். புளிப்பும் கசப்பும் ஒன்றாக வந்தால் எந்தப் பக்கம் திருகியும் பயனில்லை. அது பல அளவு கலந்த தூள். சல்லடைக்குத் திரும்புங்கள்.

பால் சேர்ப்பவர்களும் முதல் இரண்டு ஸ்பூனைக் கருப்பாகவே குடித்துப் பாருங்கள். பால் எல்லாவற்றையும் மூடிவிடும்.

சுத்தம்

வாரம் ஒருமுறை கிரைண்டரைக் கழற்றி, உலர்ந்த பிரஷ்ஷால் பற்களுக்கு இடையே துலக்குங்கள். பழைய டூத் பிரஷ் போதும், நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எஃகுப் பல்லைத் தண்ணீரில் கழுவவே கூடாது, நம் ஊர் ஈரத்தில் துரு பிடிக்கலாம். பீங்கானைக் கழுவலாம், ஒரு நாள் முழுதும் காயவைத்துப் பூட்டுங்கள். மிக்ஸிக்குச் சொன்ன பச்சரிசி வித்தை இதற்கு வேண்டாம். அரிசி காபிக் கொட்டையை விடக் கடினம், பற்களுக்கு ஆபத்து. கழற்றிப் பூட்டிய ஒவ்வொரு தடவையும் பூஜ்ஜியத்தை மறுபடி பாருங்கள், ஓரிரு கிளிக் நகர்ந்திருக்கும்.

எங்கள் வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கொட்டையின் பெயர், வாங்கிய நாள், கிளிக் எண்ணிக்கை, இறங்க எடுத்த நேரம், சுவை பற்றி ஒரு சொல். கடைசி வரியில் 'யுவாங்கான், 17 கிளிக், மூன்றே கால் நிமிடம், அப்பா இரண்டாவது கப் கேட்டார்' என்று எழுதியிருக்கிறேன். அடுத்த பொட்டலத்தைப் 17இலிருந்துதான் தொடங்குவேன்.